நர்சிங் சேர்க்கை: ப்ளஸ் டூ முடித்தவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

நான் தமிழ்நாட்டில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே போன் அடிக்க ஆரம்பிக்கும். சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், பழைய மாணவிகளின் தங்கைகள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். தேதி, கட்டணம், இட எண்ணிக்கை எல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும். அவற்றுக்கு அந்தந்த ஆண்டின் விவரக் குறிப்பேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

நர்சிங் படிக்க நீட் எழுத வேண்டுமா?

தமிழ்நாட்டில் மாநில அரசு நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் நடந்து வருகிறது. நீட் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. ஆனால் புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் சேர்க்கின்றன. எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு. அவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பி.எஸ்சி., ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்கிறார்கள். எது என்ன?

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் பட்டப் படிப்பு. இப்போது 8 செமஸ்டராக நடக்கிறது. எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், 22 வாரம் வார்டும் கிராமமும்தான். ஜி.என்.எம். என்பது 3 ஆண்டு டிப்ளமோ, தமிழ்நாட்டில் டி.ஜி.என்.எம். என்றும் சொல்வார்கள். ஏ.என்.எம். 2 ஆண்டு, பெண்களுக்கு மட்டும். தடுப்பூசி, கர்ப்பிணிப் பராமரிப்பு என்று சமுதாய சுகாதாரத்தை ஒட்டிய படிப்பு அது. உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் கிராம சுகாதார செவிலியரின் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி.யும் ஜி.என்.எம்.மும் முடித்தவர்கள் இருவரும் பதிவு பெற்ற நர்ஸ்தான். வார்டில் ஒரே டியூட்டி பார்ப்பார்கள். வித்தியாசம் பின்னால் தெரியும். எம்.எஸ்சி., ஆசிரியர் பணி, சில வெளிநாடுகள் என்று வரும்போது பட்டம் கேட்பார்கள். டிப்ளமோ முடித்தவர்கள் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். அதனால் டிப்ளமோவில் சேர்ந்துவிட்டோமே என்று யாரும் குறைபட வேண்டாம். என்னைக் கேட்டால், சுமாரான தனியார் கல்லூரி பி.எஸ்சி.யைவிட, பெரிய அரசு ஆஸ்பத்திரியோடு இருக்கும் டிப்ளமோ பள்ளியே மேல் என்பேன். ஏன் என்று கல்லூரி தேர்வு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

என்ன தகுதி வேண்டும்? என் மகள் காமர்ஸ் எடுத்தவள்.

பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) கட்டாயம். ஆங்கிலத்திலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். அந்த அறிவியல் பாடங்களில் மொத்தம் 45%, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40%. இது சேர விண்ணப்பிப்பதற்கான அளவு மட்டுமே; அரசு இடம் கிடைக்க இதைவிட வெகுவாக மேலே போக வேண்டியிருக்கும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

காமர்ஸ் பிரிவுக்கு பி.எஸ்சி. கிடையாது. "டொனேஷன் கட்டினால் சேர்த்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் அவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஜி.என்.எம்.முக்கு, நர்சிங் படிப்புகளுக்கு நாடு முழுக்க விதி வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் எந்தப் பிரிவுக்கும் இடம் தருகிறது. ஆங்கிலத்தோடு ப்ளஸ் டூவில் மொத்தம் 40% போதும். ஏ.என்.எம்.முக்கும் எந்தப் பிரிவும் சரி. ஆனால் அரசுப் பள்ளிகளுக்கான சேர்க்கையில் மாநிலத் தேர்வுக் குழு கூடுதல் நிபந்தனை வைக்கலாம். அந்த வருஷக் குறிப்பேட்டில் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள்.

அரசு கலந்தாய்வு எப்படி நடக்கிறது?

சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவத் தேர்வுக் குழுதான் நடத்துகிறது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி போன்ற மருத்துவம் சார்ந்த பட்டப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆன்லைன் விண்ணப்பம். டிப்ளமோ நர்சிங்குக்குத் தனி விண்ணப்பம். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் போட வேண்டும். பி.எஸ்சி.க்கு மட்டும் போட்டுவிட்டு, ரேங்க் வந்ததும் "டிப்ளமோவாவது கிடைக்குமா" என்று வருகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. அதற்குள் தேதி போயிருக்கும்.

விண்ணப்பித்த பிறகு தரவரிசைப் பட்டியல் வரும். சாதிவாரி ரேங்க்கும் அதில் இருக்கும். இடங்கள் தமிழ்நாட்டின் 69% ஒதுக்கீட்டின்படி பிரிகின்றன: பொதுப் பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட இஸ்லாமியர் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் வகுப்பினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. பொதுப் பிரிவு என்பது யாருக்கும் தனியாக எழுதிவைத்த இடம் இல்லை. ரேங்க் இருந்தால் எந்த வகுப்பினரும் அதில் இடம் பெறலாம்.

அப்புறம் கல்லூரி விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். வீட்டுக்குப் பக்கம், தெரிந்த பெயர் என்று நாலைந்து போட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். போய்ச் சேரத் தயாராக இருக்கும் எல்லாக் கல்லூரிகளையும் போடுங்கள். வரிசையில் மேலே இருப்பதற்கு இடமில்லை என்றால்தான் கீழே வருவார்கள். நீளமான பட்டியலால் நஷ்டம் எதுவும் கிடையாது. தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் ஒரு பங்கை இந்தக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. அந்த இடங்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம்தான். நேராகப் போய்ச் சேர்வதைவிட இது கணிசமாகக் குறையும்.

எந்தெந்தச் சான்றிதழ்கள் தேவை?

10, 11, 12 மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், போட்டோக்கள். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். தமிழ்நாட்டுக்கு வெளியே பள்ளிப் படிப்பைப் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ். அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 6-ஆம் வகுப்பு முதல் எங்கே படித்தார்கள் என்பதற்குத் தலைமையாசிரியரிடம் சான்று வாங்கிவைப்பது நல்லது. உதவித்தொகைக்கு அது வேண்டும்.

வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போய்த் திரும்பி வர நாளாகும். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் அலைவார்கள். ஏப்ரலிலேயே, பரீட்சை முடிந்த கையோடு போட்டுவிடுங்கள். அப்பா பெயரில் ஒரு இன்ஷியல் ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி இருந்தால் அதையும் இப்போதே சரி செய்யுங்கள். இந்த ஒரு எழுத்து, பிறகு கவுன்சில் பதிவிலும் பாஸ்போர்ட்டிலும் வெளிநாட்டுச் சான்று சரிபார்ப்பிலும் மறுபடி மறுபடி வந்து நிற்கும்.

அரசு இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதற்குத்தான் நான் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன். எல்லோரும் "எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்" என்று கேட்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேளுங்கள்.

நர்சிங்கை வகுப்பறையில் பாதிதான் கற்க முடியும். பொம்மையின் கையில் ஊசி போட்டுப் பழகலாம். ஆனால் நீர்ச்சத்து வற்றிப்போன இரண்டு வயதுக் குழந்தையின் கையில் நரம்பு தேடுவது, பிரசவ வார்டில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தே நேரம் நெருங்கிவிட்டதென்று புரிந்துகொள்வது, இரவு மூன்று மணிக்கு ஒருவருடைய மூச்சு மாறுவதைக் கவனிப்பது, இதெல்லாம் நோயாளி இருந்தால்தான் வரும். நோயாளி நிறைய இருக்க வேண்டும், விதவிதமான நோயாளிகள் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் படித்த பெண்களுக்கு இருக்கும் கைத்தேர்ச்சி அங்கிருந்துதான் வருகிறது. ஏசி வகுப்பறையும் பெரிய நுழைவாயிலும் இதைக் கொடுக்காது.

இந்திய நர்சிங் கவுன்சில் விதியே இதைத்தான் சொல்கிறது. கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை உள்ள மருத்துவமனை இருக்க வேண்டும். ஒரு மாணவருக்கு 3 நோயாளிகள் என்ற கணக்கு இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லாக் கல்லூரியிலும் இது இருக்கும். நேரில் போய்ப் பாருங்கள். சேர்க்கை அலுவலகத்துக்குப் போவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலை பத்து மணிக்கு வெளிநோயாளிப் பிரிவில் எவ்வளவு கூட்டம்? வார்டில் படுக்கைகள் நிரம்பியிருக்கின்றனவா, இல்லை விரித்த விரிப்பு மடியாமல் கிடக்கின்றனவா? பிரசவம் நடக்கிறதா? குழந்தைகள் வார்டு, ஐ.சி.யூ. இருக்கின்றனவா? மனநலப் பிரிவு போஸ்டிங்குக்கு (வார்டுப் பயிற்சிக்கு) எங்கே அழைத்துப் போகிறார்கள்? சொந்த ஆஸ்பத்திரி சிறியது என்றால், எந்த அரசு ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம், வருஷத்துக்கு எத்தனை வாரம் என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்கிற கல்லூரியை நம்பலாம்.

கேன்டீனில் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பெண்களிடம் பேசிப் பாருங்கள். போஸ்டிங்கில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். "படுக்கை போட்டோம், பி.பி. பார்த்தோம்" என்பதோடு நின்றால் யோசியுங்கள். ஆள் பற்றாக்குறைக்கு மாணவிகளை வைத்து நைட் டியூட்டி ஓட்டுகிறார்களா, கூட ஆசிரியை வருகிறாரா என்பதும் அவர்களிடமிருந்துதான் தெரியும்.

அங்கீகாரம் அடுத்தது. மூன்று பேர் அனுமதி வேண்டும்: இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சில், பட்டப் படிப்பு என்றால் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் பெரும்பாலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி. கல்லூரிக்காரர் காட்டும் ஃபிரேம் போட்ட சான்றிதழ் பழையதாக இருக்கலாம். கவுன்சில் இணையதளத்தில் அந்தக் கல்வியாண்டுப் பட்டியலில் பெயரும் இட எண்ணிக்கையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 60 இடத்துக்கு அனுமதி வாங்கி 80 பேரைச் சேர்த்தால், கூடுதலான 20 பேர் யார் என்பது பரீட்சைக்கு முன் ஹால் டிக்கெட் வரும்போதுதான் தெரியவரும். (இந்திய நர்சிங் கவுன்சிலுக்குப் பதில் தேசிய ஆணையம் ஒன்று வர 2023-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். பட்டியலைத் தேடும்போது பெயர் மாறியிருந்தால் குழம்ப வேண்டாம்.)

பெங்களூரில் சீட் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பெங்களூரில் நல்ல நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் காலங்காலமாகப் பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்கிறார்கள். பிரச்சினை அந்த ஒருவர்தான். ஒரு மாணவரைச் சேர்த்தால் கல்லூரி அவருக்குக் கமிஷன் கொடுக்கும். கமிஷன் எங்கே அதிகமோ அந்தக் கல்லூரிதான் அவருக்கு "நம்பர் ஒன்". அட்டெண்டன்ஸ் தேவையில்லை, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று சொன்னார் என்றால் அதுவே போதுமான பதில். நர்சிங்கில் தியரிக்கும் செய்முறைக்கும் தனித்தனியே 80% வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்கு முன் கிளினிக்கல் நேரத்தை 100% முடித்தாக வேண்டும்.

வெளிமாநிலத்தில் படித்தால் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு, பிறகு தமிழ்நாட்டுக்கு மாற்ற வேண்டும். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் இடம் இல்லையென்றால் அந்த இடத்தில் சிக்கிக்கொள்வீர்கள். பணம் எதுவானாலும் கல்லூரிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். அவர் கையில் ஐயாயிரம்கூடக் கொடுக்காதீர்கள்.

"பத்தாவது பாஸ்/ஃபெயில், ஒரு வருட நர்சிங், 100% வேலை" என்று பஸ் ஸ்டாண்டில் போர்டு பார்த்தேன்.

அது நர்சிங் கிடையாது. வெள்ளை யூனிஃபார்ம் போட்டு, தொப்பி வைத்து, விளக்கேற்றும் விழாகூட நடத்துவார்கள். ஆனால் படிப்பை முடித்தவர் எந்தக் கவுன்சிலிலும் பதிவு செய்ய முடியாது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. மேலே படிக்கவும் வழியில்லை. சின்ன கிளினிக்குகளில் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அங்கே ஒரு ஊசியில் ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் அந்தப் பெண்ணின் மேல்தான் விழும். நோயாளி உதவியாளர் வேலைக்கு முறையான திறன் பயிற்சிகள் உண்டு, அது கௌரவமான வேலையும்கூட. உதவியாளர் பயிற்சியை நர்சிங் என்று விற்பதைத்தான் சொல்கிறேன். குடும்பக் கஷ்டத்தால் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிலை இருந்தால், ப்ளஸ் டூ முடித்து ஏ.என்.எம். 2 ஆண்டு படிப்பது எவ்வளவோ மேல்.

செலவுக்கு என்ன வழி?

அரசுக் கல்லூரி என்றால் கல்விக் கட்டணம் பெரிய சுமை இல்லை. ஹாஸ்டல், யூனிஃபார்ம், புத்தகம், போஸ்டிங் போய்வரும் செலவுதான். தனியாரில் சேரும்போது முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். நாலு வருஷத்துக்கும் என்னென்ன தலைப்பில் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கிளினிக்கல் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், வெளியூர்ப் போஸ்டிங், செமஸ்டர் பரீட்சை என்று தனித்தனியாக வரும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 முதல். ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், அதே தொகை, 2024 முதல். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இவை எதுவும் தானாக வராது. கல்லூரி அலுவலகத்தில் யார் இதைப் பார்க்கிறார் என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள்.

வங்கிக் கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் கிடைக்க விதி இருக்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த நர்சிங் மாணவிகளுக்குக் கடன் தர வங்கிகள் இழுத்தடித்து, விஷயம் நீதிமன்றம் வரை போனதுண்டு. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் இந்தத் தொல்லை குறைவு. மேனேஜ்மென்ட் இடம் என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் பேசிவிடுங்கள்.

என் மகன் நர்சிங் படிக்கலாமா?

படிக்கலாம். பி.எஸ்சி.யிலும் டிப்ளமோவிலும் ஆண்கள் சேர கவுன்சில் விதி இடம் தருகிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசு டிப்ளமோ பள்ளிகள் பெண்களுக்கென்றே நடந்து வருபவை. ராணுவ நர்சிங் கல்லூரிகளும் பெண்களுக்கு மட்டும். எய்ம்ஸ் வேலைகளில் 2019-இல் 80 பங்கு பெண்கள், 20 பங்கு ஆண்கள் என்று வைத்துவிட்டார்கள். ஆக, இடங்களும் குறைவு, போட்டியும் அதிகம். இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். மற்றபடி ஐ.சி.யூ., அவசரப் பிரிவு, டயாலிசிஸ், மனநலம், எலும்பு முறிவு வார்டுகளில் ஆண் நர்ஸ்களைத் தேடித்தான் எடுக்கிறார்கள். பிரசவப் பாடமும் போஸ்டிங்கும் அவர்களுக்கும் உண்டு, அதிலிருந்து விலக்கு இல்லை.

தமிழ் மீடியத்தில் படித்தவள். சமாளிப்பாளா?

முதல் செமஸ்டர் கஷ்டப்படுவாள். உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் வந்து விழும். என் வகுப்பில் நான் பார்த்தவரை, பாடம் புரியாமல் தோற்பவர்கள் குறைவு. புரிந்ததை எழுத வராமல் தோற்பவர்கள்தான் அதிகம். சேர்க்கைக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் நடுவில் கிடைக்கும் நாட்களில் ப்ளஸ் டூ உயிரியல் புத்தகத்தின் ஆங்கில வழிப் பதிப்பை எடுத்து, மனித உடல் பற்றிய பாடங்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்பதால் சொற்கள் சுலபமாக ஒட்டும். தினமும் ஒரு பக்கம் எழுதட்டும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கொட்ட வேண்டாம்.

வார்டுக்குப் போனால் நிலைமை தலைகீழ். வலி "சுருக்குனு" இருக்கா, "கடுக்குதா", "எரியுதா" என்று கிராமத்துப் பாட்டியிடம் கேட்டு வாங்க வேண்டும். அதில் தமிழ் மீடியம் பிள்ளைகள்தான் முன்னால் நிற்பார்கள்.

ஜிப்மர், எய்ம்ஸ், ராணுவம், வேலூர்: இவற்றுக்கு எப்படிப் போவது?

ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனித் தேதி. ஜிப்மர் 2021 முதல் நீட் மதிப்பெண்ணில் எடுக்கிறது. எய்ம்ஸ் பி.எஸ்சி. ஹானர்ஸ் நர்சிங்குக்கு அவர்களே தேர்வு நடத்துகிறார்கள். பொதுப் பிரிவினருக்கு ப்ளஸ் டூவில் 55% வேண்டும். ராணுவ நர்சிங் சர்வீஸுக்கு புனே, மும்பை, கொல்கத்தா, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆறு கல்லூரிகளிலும் சேர்த்து 220 இடம். நீட் எழுதி, அப்புறம் அவர்களுடைய தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை. படிப்பும் தங்குமிடமும் அரசுச் செலவு, முடித்ததும் அதிகாரி அந்தஸ்தில் பணி. ஆனால் பணியாற்றுவதாக பாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவராக, அல்லது விவாகரத்து ஆனவர், கணவரை இழந்தவர் என்று அவர்கள் சொல்லும் நிபந்தனைக்குள் இருக்க வேண்டும்.

வேலூர் சி.எம்.சி.யில் நர்சிங் பயிற்சி 1909-இல், அதை நிறுவிய ஐடா ஸ்கடர் காலத்தில் தொடங்கியது. 1946-இல் பட்டப் படிப்பு வந்தது. நாட்டில் முதன்முதலில் நர்சிங் பட்டம் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அவர்களுடைய சேர்க்கை நடைமுறையும் தனி, அறிவிப்பும் சீக்கிரமே வந்துவிடும். ப்ளஸ் டூ ரிசல்டுக்காகக் காத்திருந்தால் தவறவிடுவீர்கள்.

எம்.பி.பி.எஸ். கனவு. நீட் திரும்ப எழுதுவதா, நர்சிங்கில் சேர்வதா?

டாக்டர் ஆக வேண்டும் என்பதே நோக்கம் என்றால் நீட்டைத் திரும்ப எழுதுங்கள். நர்சிங்கில் சேர்ந்துகொண்டே நீட்டுக்குப் படிக்கலாம் என்ற திட்டம் பலிப்பதில்லை. காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும், சாயங்காலம் கேர் பிளான் (நோயாளிப் பராமரிப்புத் திட்டம்) எழுத வேண்டும். இரண்டாம் ஆண்டில் விட்டுப் போகிறவர்களால் ஒரு அரசு இடமும் வீணாகிறது. நர்சிங் முடித்து எம்.பி.பி.எஸ்.ஸில் நேரடியாகச் சேரும் குறுக்கு வழியும் இல்லை. அதே நீட்தான்.

நைட் டியூட்டி பார்க்கும் பெண்ணுக்கு வரன் அமையுமா என்று மாமனார் வீட்டில் கேட்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து, நர்ஸ் என்றதும் "வெளிநாட்டு வேலை கிடைக்குமா" என்று கேட்டுக்கொண்டு வரும் மாப்பிள்ளை வீடுகள்தான் இப்போது ஜாஸ்தி. நைட் டியூட்டி இருக்கத்தான் செய்யும். அது வேண்டாம் என்றால் இந்தப் படிப்பும் வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி, ஹாஸ்டலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறார்கள், கூட யார் வருகிறார் என்பது.

முடித்தால் வேலை நிச்சயமா? சம்பளம்?

வேலை கிடைக்கும். சம்பளத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகளில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் குறைவுதான். 2016-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸ்கள் போராடி 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக வாங்கினார்கள். இங்கே அது பரிந்துரையாகவே கிடக்கிறது.

தமிழ்நாடு அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுத வேண்டும். 2015 தேர்வில் 7,243 இடங்கள். ஆனால் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாயில்தான் சேர்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017-இல் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. பிறகு தொகை உயர்ந்தது. கொரோனா காலத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்த நர்ஸ்களை 2022 டிசம்பரோடு நிறுத்தியதும் நடந்திருக்கிறது. மத்திய அரசு என்றால் எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வு. தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். மூன்றாம் ஆண்டிலிருந்தே அதற்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சமத்துப் பிள்ளைகள்.

வெளிநாடு போவதுதான் நோக்கம். அதற்குத் தகுந்த மாதிரி எங்கே சேரலாம்?

எங்கே சேர்ந்தாலும் பதிவு, அனுபவம், மொழி மூன்றும் வேண்டும். வளைகுடாவுக்கு அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு, பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம். பிரிட்டனுக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, அப்புறம் அவர்களுடைய கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி2 நிலை வரை. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு.

சவூதி, குவைத் போல குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்களை அரசு சார்ந்த நிறுவனங்கள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். உரிமம் பெற்ற எந்த ஏஜென்சியும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தாண்டி சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். வேண்டாமா?

முதல் மாதம் மயங்கி விழுந்தவர்கள் பிறகு ஆபரேஷன் தியேட்டரில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது பழகிவிடும். பழகாதது வேறு. பிறர் உடம்பைத் துடைத்துவிட, மலம் சிறுநீர் எடுக்க மனம் கூசுகிறதென்றால், திட்டு வாங்கிக்கொண்டு பொறுமையாகப் பேச வராதென்றால், நாலு வருஷமும் நரகம். வீட்டில் பாட்டி தாத்தா படுத்தபோது உங்கள் பிள்ளை பக்கத்தில் போனாளா என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணம் ஆகி குழந்தை இருக்கிறது. வயது 29. இப்போது சேரலாமா?

கவுன்சில் விதியில் பி.எஸ்சி., ஜி.என்.எம். சேர மேல் வயது 35. ஏ.என்.எம்.முக்கும் அதே வரம்புதான். ராணுவத்தைத் தவிரக் கல்யாணம் தடை இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல கல்லூரிகள் ஹாஸ்டலைக் கட்டாயமாக்குகின்றன, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

சரிபார்க்க வாங்கலாம். மாற்றுச் சான்றிதழ் அவர்களிடம் இருக்கும். மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் பிடித்து வைத்துக்கொண்டு, நடுவில் விலகினால் மீதி வருஷக் கட்டணத்தையும் கட்டு என்று சொல்வது சரியில்லை. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாதென்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. எதைக் கொடுத்தாலும் பட்டியல் போட்டு, தேதியும் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ரசீது வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சான்றொப்பம் இட்ட நகல் ஐந்து செட் வீட்டில் வைத்திருங்கள்.